இலை வெளுத்த தை மாதம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு சரி. ஒரே அறை, ஒரே வாத்தியார். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் அவர் சொல்வது கேட்காது. மழையோ அங்கே ஓயாது. அதனால் எந்த ‘ர’ எங்கே வரும், எந்த ‘ன’ எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். அச்சுக்குக் கொடுப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். நான் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். கோத்தகிரியில் இருக்கும் என் தம்பிதான், நம் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்கு நீ கண்டதை எழுது, இலங்கையில் இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்களும் கப்பலேறி வந்து இங்கே சிதறிக் கிடக்கிறவர்களும் படிக்கட்டும் என்று விடாமல் நச்சரித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தக் கொங்கு நாட்டில் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுகிறார்கள். கோத்தகிரியிலிருந்து இறங்கிப் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் கால் வைத்த அன்றே அது தெரிந்துபோயிற்று. தலையில் டிரங்குப் பெட்டியோடு திரும்பியவன் பின்னால் நின்ற ஒருவரின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். அவர் வலி தாங்காமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, “ஏனுங்க, இத்தாச்சோடு ஆளு நிக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? பொட்டி வெச்சிருந்தா ஆரை வேணா மிதிச்சுப்போடலாமுங்களா?” என்றார். நான் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். என் மனைவி செல்லம்மா மெதுவாக, அவர் கோபமாகப் பேசினாரா, நலம் விசாரித்தாரா என்று கேட்டாள். எனக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்தில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே பெரிய மரியாதை. கங்காணிக்கு நான் ‘டேய்’. துரைக்கு அதுவும் இல்லை. கைத்தடியின் நுனியை எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் போக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, என் காலில் மிதிபட்ட ஒருவர் என்னை ‘ங்க’ போட்டுத் திட்டியது, பெட்டியின் பாரத்தையும் மீறி மனதில் நின்றுவிட்டது.

நாங்கள் வேலைக்கு வந்தது மரகதம் அம்மாவின் தோட்டத்துக்கு. பொள்ளாச்சிக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி, சாயம் போன பருத்திச் சேலையோடு ஒரு அம்மா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். முதலாளியம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து, “பாத்துட்டுத்தானுங்களே இருக்கறீங்க” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. துரைமார் பங்களாவின் புல்வெளிக்கு இந்தப் பக்கம் வந்து மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் ஆட்களுக்கு முன்னால் எழுந்து, ஆட்களுக்குப் பின்னால் கரையேறுகிறார். அன்று பதினோரு மணிவாக்கில் அவர் என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். வேலை நேரத்தில் சாப்பிடப் போய்விட்டேனோ என்று விசாரிக்கிறார் என நினைத்து, “இல்லம்மா, வேலையிலதான் இருக்கேன்” என்று பயந்து சொன்னேன். அவர் உடனே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வட்டிலில் களியும் கீரையும் வந்தன. அடுத்த நாளும் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன், மறுபடி வட்டில் வந்தது. இது விசாரணை இல்லை, இந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பதே இதுதான் என்று விளங்குவதற்குள் சில கிலோ கூடிவிட்டேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். மரகதம் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாலு பக்கமும் தென்னை நிற்கும் ஊரில் அவர் ஒருவர் மட்டும் இரும்புக் குழாய்களை வளைத்து நிறுத்தி, மேலே பால் நிறத்துப் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, உள்ளே வெள்ளைச் செவ்வந்தி வளர்த்தார். பசுமைக்குடில் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஊரார் வைத்த பெயர் காயிதச் சாளை. தோட்டத்துக் குடிசையை இங்கே சாளை என்பார்கள். பூவுக்குக் காகிதத்தில் குடிசை கட்டியிருக்கிறாள் என்று சிரிப்பு. செவ்வந்திக்கு ஒரு குணம் உண்டு. இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். அதனால் செடி ஆள் இடுப்பளவு வளரும் வரை இரவில் பல்புகளை எரியவிட்டு ஏமாற்றுவார்கள். பிறகு ஒரு நாள் விளக்கை நிறுத்தினால் செடி காலம் வந்துவிட்டதென்று நினைத்து மொட்டுக்குத் தயாராகும். அப்படிப் பூத்த பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். கோயம்புத்தூர் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் அதற்குத் தனி மரியாதை.

மூடிய இடத்தில் வளரும் செடியின் நோய் நொடியெல்லாம் இலையில்தான் முதலில் தெரியும். காற்றும் மழையும் வந்து கழுவிவிடாது. இலையைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அம்மா காய்கறி வியாபாரி ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறார். தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்தவன் என்று அவர் என்னைக் காட்டிவிட்டார். உண்மையில் கொழுந்து கிள்ளுகிறவனுக்கு இலையைக் கிள்ளத்தான் தெரியும். படிக்கக் கற்றுக்கொண்டது இங்கே, சந்திரசேகரிடமும் அருக்காணியக்காவிடமும். சந்திரசேகர் விவசாயம் படித்த இளைஞர். வாரம் ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து மொபெட்டில் வந்து பயிரைப் பார்த்துச் சொல்லிப் போவார். அருக்காணியக்கா நாற்று நட்ட நாளிலிருந்து சாளைக்குள் இருப்பவர். இலையைப் பார்க்கும் முன் அது செடியின் எந்த இடத்து இலை என்று பார்க்கச் சொன்னார் சந்திரசேகர். அடியிலைகள் மொத்தமாக மஞ்சளானால் செடி பசியில் இருக்கிறது, கீழே இருப்பதை உருவி மேலே கொடுக்கிறது. ஓரம் மட்டும் கருகினால் உப்பையோ சாம்பல் சத்தையோ சந்தேகிக்க வேண்டும். இலையைத் திருப்பாமல் எதையும் சொல்லக் கூடாது என்பது அருக்காணியக்காவின் சட்டம். அடிப்பக்கம் நூலாம்படை போல ஓடி மேல்பக்கம் ஊசி குத்தினாற்போல வெளுத்திருந்தால் சிவப்புச் சிலந்தி. தேயிலையிலும் அது உண்டு. பழைய ஊர்க்காரனைச் சந்தையில் கண்டதுபோல அதை மட்டும் நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த மார்கழியில் விளக்கை நிறுத்திய சமயம், அம்மாவின் கொழுந்தனார் பழனிச்சாமி வந்தார். நிலம் இன்னும் பாகம் பிரியாதது. அவருக்குத் தென்னையைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. கெட்டவர் என்று சொல்ல முடியாது; வரும்போதெல்லாம் எங்கள் அறைக்கும் இளநீர் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் போவார். காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே அண்ணியிடம் சொன்னார்: “பங்குனி வரைக்கும் பாப்பமுங்க அண்ணி. பூத்தா நல்லதாப் போச்சு. இந்தத் தடவை ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா, பிரிச்சுப்போட்டுத் தோப்போட சேத்திப்போடலாமுங்க. என்னங்க நாஞ் சொல்றது?” அம்மா, “அப்படியே செஞ்சுபோடலாமுங்க தம்பி” என்றார். இருவரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு, ஒரு கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார்கள் என்று தோன்றியது. அவர் போன பிறகு அம்மா காப்பி டம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான், இந்தப் பூ பூக்காவிட்டால் சாளை இருக்காது என்பது உறைத்தது. சாளை இல்லாவிட்டால் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அறையும் இல்லை. தலைமன்னாரில் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரிக்கு ஏறி, மறுபடி இறங்கி வந்திருந்தோம். செல்லம்மா டிரங்குப் பெட்டியின் அடித்தட்டில் இருப்பதை எங்கேயும் வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் மறுபடி அடுக்க வேண்டும் என்பாள்.

பொங்கலுக்கு நாங்கள் தம்பி வீட்டுக்கு மலையேறினோம். திரும்பும்போது அவன் ஒரு தேயிலைக் கன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான். அந்த வெயிலில் அது பிழைக்காது என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் ஊரே புதிதாக இருந்தது. பொங்கலை இவர்கள் பெரிய நோம்பி என்கிறார்கள். நோம்பிக்கு வீடு, மாட்டுக் கட்டுத்தறி, கிணற்றுமேடு, தென்னையின் அடிமரம் என்று எதையும் விடாமல் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டுவிடுவார்கள். எங்கள் அறைக்கும் அடித்திருந்தார்கள். செடிகளுக்கு உரம் கரைத்துச் சொட்டு நீர்க் குழாயில் விடும் சிமெண்டுத் தொட்டியும் மூடி போட்டுப் பளபளவென்று நின்றது. தொட்டியைக் கழுவினீர்களா என்று அருக்காணியக்காவிடம் கேட்டேன். “எல்லாம் சுத்தமாப் பண்ணிப்போட்டமுங்கண்ணா. நீங்க ஒண்ணுக்கும் மலைக்காதீங்க” என்றார். தேயிலைக் கன்றை ஒரு எண்ணெய் டின்னில் நட்டு அறை வாசலில் வைத்தேன். செடிகளுக்கு விட்டு மிஞ்சும் தொட்டித் தண்ணீரில் ஒரு செம்பு அதற்கு ஊற்றுவேன். இந்த ஊரில் தண்ணீரைக் கீழே விடுவதற்கு யாருக்கும் மனசு வராது. எனக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. மலையில் தண்ணீர் கூரை வழியாக எங்களைத் தேடி வரும். இங்கே அதைத் தேடிப் பாறைக்குள் அத்தனை ஆழம் இறங்க வேண்டியிருக்கிறது.

தை பாதியில் இலைகள் வெளுக்கத் தொடங்கின. அடியிலைகள் நல்ல கரும்பச்சையில் இருந்தன. நுனியில் புதிதாக விரியும் இலைகள்தான் மஞ்சள் கலந்த வெள்ளையாக வந்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக, யாரோ வெள்ளைத் தாளில் பச்சை மையால் கோடு போட்டதுபோல. திருப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை. மொட்டுகள் கடுகளவில் நின்றுவிட்டன. சந்திரசேகர் வந்து இரண்டு இலையைப் பார்த்தவுடனே இரும்புச்சத்துக் குறைவு என்றார். அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. அன்னபேதி என்ற இரும்பு உப்பை வாங்கி, அதே தொட்டியில் கரைத்து விட்டோம். நாலைந்து நாளில் பச்சை திரும்பும் என்றார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கரைத்தோம். செடி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அருக்காணியக்கா சாளையின் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். காயிதச் சாளை என்று சிரித்தவர்களின் கண்ணெல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகிவிட்டது என்பது அவர் தீர்மானம். பழனிச்சாமி ஒரு நாள் வந்து உள்ளே நடந்து பார்த்தார்.  போகும்போது, “வெள்ளைப் பூவு கேட்டீங்க அண்ணி, இலையே பூத்துப்போச்சாட்ட இருக்குதுங்க” என்றார். அம்மா சிரித்தார். அவருக்கு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து அனுப்பினார். அன்று மதியம் அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், அந்த ஊர் வழக்கத்தை நான் முதலில் உபயோகித்தது அப்போதுதான். அவர் என் தோளுக்கு மேலே செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் சந்திரசேகர் வந்தபோது சொட்டு நீர்க் குழாய்கள் அங்கங்கே அடைத்திருந்தன. கழற்றித் தட்டினேன். துரு நிறத்துச் சேறும், அதற்குள் வெள்ளைப் பொடியும் உதிர்ந்தன. சந்திரசேகர் அதை உள்ளங்கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினார். பக்கவாட்டு மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்த அருக்காணியக்கா பதறி எழுந்தார். “தம்பி, அதை அறுக்கக் கூடாதுங்க. பட்ட கண்ணெல்லாம் அதுக்குள்ளாறதானுங்க இருக்குது.”

“இருக்கட்டுங்கக்கா. எந்தக் கண்ணுன்னு பாத்துப்போடலாம்” என்று அறுத்துப் பொடியின் மேல் ஒரு சொட்டுப் பிழிந்தார். அது நுரைத்தது. சுண்ணாம்பு என்றார். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு எப்போதும் கொஞ்சம் உண்டு, ஆனால் போன பயிர் இதே தண்ணீரில்தானே நன்றாக இருந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மோட்டார் அறைக் குழாயில் நேராகத் தண்ணீர் குடிக்கும் செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா வளர்க்கும் மல்லிகைக் கொடி இருந்தது. போய்ப் பார்த்தோம், பச்சைப் பசேலென்று இருந்தது. அங்கிருந்து திரும்பும்போது அவர் என் வாசலில் நின்றார். “இது என்னங்க செடி? இதுவும் அதேமாதிரி வெளுத்திருக்குது. இதுக்கு எந்தத் தண்ணி?”

தேயிலைக் கன்றின் புதுக் கொழுந்து செவ்வந்தியின் நுனியைப் போலவே வெளுத்திருந்தது. மலையிலிருந்து வந்ததற்கு இந்த வெயில் சேரவில்லை என்று நினைத்து அதை நான் நின்று பார்க்கவே இல்லை. தொட்டித் தண்ணீர் என்றேன். சொல்லும்போதே எனக்கு எங்கள் லயத்தின் சுவர் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் எங்களைக் குடிவைத்திருந்த நீள வரிசை வீடுகளுக்குத் தீபாவளிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். மழை அதைக் கழுவிச் சுவரோரத்துத் தேயிலைக்குக் கொண்டுபோகும். அந்த ஒரு வரிசைச் செடிகள் மட்டும் வருடம் முழுக்க வெளுத்த கொழுந்துதான் விடும். அதைக் கூடையில் போட்டால் கணக்கப்பிள்ளை பொறுக்கி எறிவார். லயத்துச் செடி என்றே அதற்குப் பெயர், எங்களைச் சொல்வதுபோலவே சொல்வார்கள். தரித்திரம் பிடித்த இடம், அதனால் இலையும் அப்படி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இதை நான் சந்திரசேகரிடம் சொன்னபோது, காரணம் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. ஏதோ ஞாபகம் வந்தது, வாய் திறந்துவிட்டது. அவர், “சுவத்துக்குச் சுண்ணாம்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாகத் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

எங்களோடு வந்திருந்த அருக்காணியக்காவும் தொட்டியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. “உள்ளாறயும் அடிச்சமுங்க” என்றார்.  “நோம்பிக்கு எல்லாத்துக்கும் அடிக்கறமே, தொட்டிக்கு மட்டும் வெளிய அடிச்சு உட்டா நல்லாருக்குமான்னு, தண்ணியை எறைச்சுப்போட்டு உள்ளாறயும் ரெண்டு கை அடிச்சமுங்க.”

 தோட்டத்தில் என்றால் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கங்காணியின் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். மாலைக்குள் ஒரு குடும்பம் பெட்டி கட்டும். பின்னால் வந்து நின்ற மரகதம் அம்மாவை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன். வருசம் பூராவும் நமக்கு உழைக்குது, தொட்டிக்கும் நோம்பி வேண்டாமா அருக்காணீன்னு சொன்னேன். இப்ப என்னங்க தம்பி பண்றது, அதைச் சொல்லுங்க.”

சந்திரசேகர் விளக்கினார். சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்த இரும்பு செடிக்குப் போய்ச் சேரவே இல்லை. தொட்டியிலேயே துருவாகிப் படிந்துவிட்டது. நாங்கள் கூட்டக் கூட்ட அதுவும் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் சோறு இருக்கிறது, வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான் நோய் என்றார். அன்றே தொட்டியை இறைத்தோம். அடியில் செங்கல் நிறத்தில் சேறு கிடந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் உள்ளே இறங்கினார். அருக்காணியக்காவும் செல்லம்மாவும் பின்னால் இறங்கினார்கள். தேங்காய் நாரை உருட்டி வைத்துச் சுண்ணாம்பு மொத்தமும் உதிரும் வரை தேய்த்தார்கள். தொட்டிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் எதிரொலித்தது: “ஏனுங் செல்லம்மா, உங்கூர்ல தொரைசானியெல்லாம் தொட்டி தேய்க்குமுங்களா?” செல்லம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஆட்களுக்கு நடுவே அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்னபேதியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் லேசாகக் கரைத்து, மறுநாள் வெயில் ஏறுமுன் இலைமேலேயே தெளித்தோம். தேயிலைக் கன்றுக்கும் ஒரு கை தெளித்தேன்.

பிறகு ஒரு நாள், தனியாக இருக்கும்போது அருக்காணியக்கா என்னிடம் சொன்னார். “அம்மா சொல்லவே இல்லீங்கண்ணா. நாங்களாத்தான் அடிச்சோம். அன்னைக்கு அவுங்க ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருந்தாங்க.”   அந்த அம்மாவுக்கு அப்போது கையில் இருந்தது பங்குனி வரைக்கும் என்ற ஒரு தவணைதான். அதுவும் போகும்போல இருந்த நேரத்தில், யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவர் தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இந்த ஊரின் ‘ங்க’ வெறும் வாய்ப் பழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். சில பேருக்கு அது உள்ளேயும் அடித்திருக்கிறது.

வெளுத்த இலைகள் கடைசிவரை முழுதாகப் பச்சை திரும்பவில்லை. ஆனால் அவற்றுக்கு மேலே வந்த இலைகள் பச்சையாக வந்தன. நின்றுபோன மொட்டுகள் அசைந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு செடியும் கீழே கரும்பச்சை, நடுவில் வெள்ளை, மேலே மறுபடி பச்சை என்று மூன்று காலத்தைக் காட்டியது. பூக்கள் வழக்கத்தைவிடச் சற்றுச் சிறுத்துத்தான் போயின. முகூர்த்தத்துக்கு நாலு நாள் பிந்தின. அம்மா கவலையில் இருந்தார். பிந்தியதும் கோளாறுதானே, கொழுந்தனார் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. அறுப்பு நாளன்று பழனிச்சாமி வந்தார். கொத்துக் கொத்தாகக் காகிதத்தில் சுற்றி அடுக்குவதைப் பார்த்தார். ஒரு செடியின் அருகில் குனிந்து அந்த வெள்ளை இலைகளை விரலால் எண்ணுவதுபோலத் தடவினார். எங்கள் எல்லோருக்கும் கை வேலையில் இருந்தது, காது அவரிடம் இருந்தது. அவர் சாளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வீட்டுச் சாமிக்கென்று ஒரு கொத்து எடுத்துக்கொண்டார். “வாரனுங்க அண்ணி” என்று போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிப்பர் நிறையத் தென்னை நார்க் கழிவு. அடுத்த நடவுக்குப் பாத்தியில் போடுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. யார் அனுப்பியது என்று நான் கேட்டேன். டிரைவர், “சின்னவரு பழனிச்சாமிங்க. அவுங்க தேங்கா நாரு மில்லுல சும்மாதான் கெடக்குதாம், கொட்டிப்போட்டு வரச் சொன்னாருங்க” என்றார். அது சும்மா கிடக்கிற பொருள் இல்லை என்பது பொள்ளாச்சியில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தக் குவியலின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஊரில் சம்மதம் இப்படித்தான் வந்து இறங்குகிறது. பிரிப்பது, தோப்போடு சேர்ப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அன்று மாலை நான் அறைக்குள் போனபோது செல்லம்மா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உதறிக்கொண்டிருந்தாள். அடித்தட்டில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கும் அவள் அம்மாவின் கொழுந்துக் கூடைக் கயிறும் சுவரோரம் இருந்தன.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நோம்பிக்கு நாங்கள் மலையேறவில்லை. அருக்காணியக்கா சுண்ணாம்பு வாளியோடு தொட்டியைச் சுற்றி வந்து வெளியே மட்டும் அடித்துக் காவிப் பட்டை போட்டார். மூடியைத் தூக்கி என்னிடம் உள்ளே காட்டி, “பாத்துக்குங்கண்ணா, அப்புறம் எங்களைச் சொல்லாதீங்க” என்றார். உள்ளே வெறும் சிமெண்டு, பாதி தண்ணீர். தேயிலைக் கன்று பிழைத்துவிட்டது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதற்கு மட்டும் ஊற்றுகிறேன். மலையிலிருந்து வந்த இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. இப்போது அதில் இருப்பதெல்லாம் இங்கே துளிர்த்தவை. நரம்பு நல்ல பச்சை. நரம்புக்கு நடுவே இன்னும் கொஞ்சம் வெளுப்பு இருக்கிறது. அதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியும், தெளித்துக்கொண்டும் இருக்கிறேன். முழுப் பச்சையாக ஆகும் என்று சொல்ல முடியாது. தம்பி வந்தால் திரும்ப மலைக்குக் கொடுத்தனுப்பலாமா என்று செல்லம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

போகி அன்று சாயங்காலம் இங்கே காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி, தங்களுக்குச் சொந்தமான ஒவ்வொன்றிலும் செருகுவார்கள். வீட்டுக் கூரை, கட்டுத்தறி, கிணறு, வயல், எல்லாவற்றுக்கும். அருக்காணியக்கா சாளையின் நாலு மூலைக்கும் கட்டினார், தொட்டிக்குக் கட்டினார், எங்கள் அறை வாசலுக்கும் கட்டினார். இன்று பெண்கள் எல்லோரும் பூப்பறிக்கப் போய்விட்டார்கள், செல்லம்மாவும் கூடையோடு போயிருக்கிறாள். பாட்டுச் சத்தம் தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன். தேயிலைக் கன்று நிற்கும் எண்ணெய் டின்னின் விளிம்பிலும் ஒரு காப்புக் கொத்து செருகியிருக்கிறது. மூன்று நாளாக அங்கே இருந்திருக்க வேண்டும். ஆவாரம்பூ வாடிவிட்டது. கன்றின் நுனியில் கிள்ளுகிற பதத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் நிற்கின்றன. என் விரல் தானாக அங்கே போகிறது. கிள்ளாமல் விரலை எடுத்துக்கொள்கிறேன்.

பூப்பறிக்கிற நோம்பி நாள், வியாழக்கிழமை
16 ஜனவரி 1997